கதவைத் தட்டியவர்களும் நேர்ந்துவிடப்பட்டவர்களும்

கேள்வி இதுதான்: “ஆரம்ப இடைக்கால ஐரோப்பாவில் ஒருவர் எப்படித் துறவியாகவோ குருவாகவோ ஆனார்? மனம் விரும்பிப் போனார்களா, இல்லை வீட்டார் கொண்டுபோய் விட்டார்களா?”

இரண்டும் நடந்தது. அரசன் ஆளனுப்பி, தலைமுடியை வெட்டி, மடத்துக்குள் அடைத்ததும் நடந்தது. இன்று நம் கத்தோலிக்கப் பங்குகளில் இறையழைத்தல் ஞாயிறு அன்று மறையுரை கேட்டால், அழைத்தல் என்பது ஓர் இளைஞனின் மனதுக்குள் மட்டும் கேட்கும் குரல் என்றே தோன்றும். 500 முதல் 1000 வரையிலான காலத்து ஆவணங்களைப் படிக்கும்போது அந்தக் குரலைப் பற்றிக் குறைவாகத்தான் வருகிறது. கையெழுத்து, சாட்சி, சொத்து, உடை, முடி ஆகியவற்றைப் பற்றித்தான் நிறைய வருகிறது. மடத்தில் சேர்வது என்பது பலர் பார்க்க நடந்த ஒரு செயல். நடந்த பிறகு அதைத் திரும்பப் பெற முடியுமா என்பதில்தான் அந்தக் காலமே மல்லுக்கு நின்றது. நான் சொல்லப்போவது இத்தாலி, கால் (பெரும்பாலும் இன்றைய பிரான்ஸ்), ஸ்பெயின், இங்கிலாந்து ஆகிய மேற்குப் பகுதிகளைப் பற்றி. கிழக்கில் வழக்கம் பல விதங்களில் வேறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். துறவியும் குருவும் ஒருவரே அல்லர். அந்தக் காலத்து மடங்களில் பெரும்பாலோர் குருப்பட்டம் பெறாத சாதாரணத் துறவிகள். ஆசீர்வாதப்பர் என்று நாம் அழைக்கும் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குவிதி, மடத்துக்குக் குரு தேவைப்பட்டால் தலைவர் தன் துறவிகளில் தகுதியான ஒருவரைத் தேர்ந்து பட்டம் வாங்கித்தரலாம் என்கிறது. பட்டம் வந்ததும் தலைக்கனம் வரக்கூடாது என்று எச்சரிக்கவும் செய்கிறது. வெளியிலிருந்து ஒரு குருவே மடத்தில் சேர வந்தாலும் உடனே சம்மதிக்கக் கூடாதாம். “நண்பா, எதற்காக வந்தாய்?” என்று கேட்க வேண்டுமாம். கெத்சமனித் தோட்டத்தில் யூதாசிடம் இயேசு கேட்ட கேள்வி அது. கரோலிங்கிய அரசர்களின் காலமான 8, 9ஆம் நூற்றாண்டுகளில்தான் துறவிகளில் குருப்பட்டம் பெற்றவர்கள் பெருமளவு கூடினார்கள்.

சரி, வளர்ந்த ஓர் ஆள் தானாகத் துறவியாக வந்தால் என்ன நடக்கும்? 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இத்தாலியின் மோந்தே கசினோ மடத்தில் எழுதப்பட்ட அந்த ஒழுங்குவிதியின் 58ஆம் அதிகாரம் இதைப் படிப்படியாகச் சொல்கிறது. புதிதாக வருகிறவனை எளிதில் உள்ளே விடாதே என்பதுதான் அதன் முதல் கட்டளை. அவன் கதவைத் தட்டட்டும். யாரும் வரவேற்க வேண்டாம். நான்கைந்து நாள் கடுஞ்சொல்லையும் அலைக்கழிப்பையும் பொறுத்துக்கொண்டு அங்கேயே நின்றால், விருந்தினர் அறையில் சில நாள் தங்க விடு. பிறகு புதியவர்கள் படித்து, உண்டு, உறங்கும் அறைக்கு மாற்று. மனிதர்களைப் புரிந்துகொள்ளத் தெரிந்த மூத்தவர் ஒருவர் அவனைக் கூர்ந்து கவனிக்கட்டும். இவன் உண்மையாகவே கடவுளைத் தேடுகிறானா, வழிபாட்டில் ஆர்வம் இருக்கிறதா, கீழ்ப்படிவானா, சிறுமைப்பட்டால் தாங்குவானா என்று பார்க்கட்டும். இந்தப் பாதையில் உள்ள கல்லும் முள்ளும் முன்கூட்டியே அவனுக்குச் சொல்லப்பட வேண்டும்.

இரண்டு மாதம் தாக்குப்பிடித்தால், ஒழுங்குவிதி முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டுவார்கள். வாசித்து முடித்ததும் சொல்வது இது: “நீ எந்தச் சட்டத்தின் கீழ்ப் போராட விரும்புகிறாயோ, அந்தச் சட்டம் இதுதான். கடைப்பிடிக்க முடிந்தால் உள்ளே வா. முடியாவிட்டால் தாராளமாகப் போகலாம்.” ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை வாசிப்பு. அதன் பிறகு நான்கு மாதம் கழித்து இன்னொரு முறை. ஆக மொத்தம் ஓராண்டு, மூன்று வாசிப்பு. ஒவ்வொரு முறையும் கதவு திறந்தே இருக்கிறது. எனக்கு இந்த அதிகாரத்தின்மேல் தனி மரியாதை உண்டு. எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று கணக்குப் பார்க்கும் நிறுவனம் இப்படி எழுதாது.

மூன்றாவது வாசிப்புக்குப் பிறகும் அவன் நின்றால் வார்த்தைப்பாடு, அதாவது துறவு வாக்குறுதி. சிற்றாலயத்தில், எல்லார் முன்னிலையிலும், மூன்றை வாக்களிக்கிறான்: இந்த மடத்தை விட்டு நீங்காமை, துறவுக்குரிய ஒழுக்க வாழ்வு, கீழ்ப்படிதல். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று இன்று நமக்குப் பழக்கமான மூன்றும் பின்னால் வந்த வாய்பாடு. ஆசீர்வாதப்பரின் துறவியும் மணம் செய்யாதவன், சொத்தில்லாதவன்தான். ஆனால் அவையெல்லாம் ‘ஒழுக்க வாழ்வு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. இந்த வாக்குறுதியை அவன் தன் கையாலேயே எழுத வேண்டும். எழுதத் தெரியாதவன் என்றால் வேறொருவர் எழுத, அவன் குறி இட்டு, தன் கையாலேயே பலிபீடத்தின்மேல் வைக்க வேண்டும். வைத்ததும் 119ஆம் திருப்பாடலின் வரி ஒன்றை மும்முறை பாடுகிறான்: “ஆண்டவரே, உமது வாக்கின்படி என்னை ஏற்றுக்கொள்ளும், நான் வாழ்வேன், என் நம்பிக்கை வீண்போக விடாதேயும்.” மற்றவர்கள் மும்முறை திருப்பிப் பாடுகிறார்கள். பிறகு ஒவ்வொருவர் காலிலும் விழுந்து, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறான்.

அடுத்தது சொத்து. ஏழைகளுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், அல்லது மடத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் அன்றிலிருந்து தன் உடலின்மேல்கூட அவனுக்கு உரிமை கிடையாது. அங்கேயே அவன் உடையைக் களைந்து மடத்து உடையை உடுத்துவார்கள். பழைய உடையை எறிந்துவிடுவதில்லை, துணிகள் வைக்கும் அறையில் பத்திரப்படுத்துகிறார்கள். என்றாவது ஒருநாள் அவன் வெளியேறத் துணிந்தால், மடத்து உடையைக் கழற்றிவிட்டு அதைக் கொடுத்து அனுப்ப வேண்டும். ஆனால் அவன் எழுதிக்கொடுத்த வாக்குறுதித் தாள் திரும்பக் கிடைக்காது. அது மடத்திலேயே இருக்கும். சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்தில் 8, 9ஆம் நூற்றாண்டுத் துறவிகளின் பெயர்கள் அடங்கிய வார்த்தைப்பாட்டு ஏடு இன்றும் இருக்கிறது.

உள்ளே வந்தபின் வரிசை எப்படி? வந்த நேரம்தான் கணக்கு. காலை முதல் மணி நேரத்தில் வந்தவன் இரண்டாம் மணி நேரத்தில் வந்தவனுக்கு மூத்தவன். வயதோ குலமோ பதவியோ எண்ணப்படாது. பிறப்பே எல்லாவற்றையும் தீர்மானித்த ஒரு சமூகத்தில் இதை எழுத ஒரு துணிச்சல் வேண்டும். எழுதியபடியே எல்லா மடங்களும் நடந்தன என்று சொல்ல மாட்டேன், பிரபுக்களின் பிள்ளைகளே தலைவர்களான மடங்கள் ஏராளம். அப்புறம், இந்த ஒழுங்குவிதி எல்லா இடத்திலும் ஒரே நாளில் பரவிவிடவும் இல்லை. ஒவ்வொரு மடமும் பல விதிகளைக் கலந்து பின்பற்றியது. 816, 817இல் ஜெர்மனியின் ஆஹன் நகரில் கூடிய மாமன்றங்கள்தான் கரோலிங்கியப் பேரரசு முழுவதும் இதையே பின்பற்ற வேண்டும் என்று வலியுறுத்தின.

இப்படித் தானாக வந்தவர்கள் யார் என்று பார்த்தால் வகைவகையாக இருக்கிறார்கள். குத்லாக் என்ற ஆங்கிலப் போர்வீரன் பல ஆண்டு கொள்ளையும் சண்டையுமாக இருந்துவிட்டு, 24 வயதில் ரெப்டன் மடத்தில் சேர்ந்தான். பிறகு குரோலண்ட் சதுப்பு நிலத்தில் தனித்துறவியானான். இங்கிலாந்தின் விட்பி மடத்தை நடத்திய ஹில்டா அம்மையார் 33 ஆண்டு உலகத்திலும் 33 ஆண்டு துறவிலும் வாழ்ந்து 680இல் இறந்தார். அவருடைய மடத்துத் தொழுவத்தில் மாடு பார்த்துக்கொண்டிருந்த கேட்மன், வயதான பிறகு பாட்டுக் கட்டும் வரம் பெற்றார். அம்மையாரே அவரை மடத்தில் சேர்த்துக்கொண்டார். கொலம்பான் என்ற அயர்லாந்து இளைஞன் கிளம்பியபோது தாய் வாசற்படியில் விழுந்து கிடந்து அழுதாராம். அவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனான் என்று வரலாறு எழுதியவர் சொல்கிறார். படிக்கிறவர்கள் வியக்க வேண்டும் என்று எழுதிய இடம் அது. எனக்கு ஒவ்வொரு முறையும் அந்தத் தாயின் முகம்தான் கண்ணுக்குள் வருகிறது.

வரும் எல்லாரையும் சேர்க்கவும் முடியாது. அடிமையை அவன் எசமானின் சம்மதம் இல்லாமல் மடத்தில் சேர்க்கக் கூடாது என்று 451இலேயே கால்சதோன் நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் விதித்தது. படைவீரர்கள் பணிக்காலம் முடியுமுன் மடத்துக்குப் போகக் கூடாது என்று கிழக்கு உரோமைப் பேரரசர் மவுரீஸ் சட்டம் போட்டபோது, திருத்தந்தை பெரிய கிரகோரி 593இல் அவருக்கே எழுதி வருந்தினார்: விண்ணகத்துக்கான வழியைப் பலருக்கு அடைத்துவிடும் சட்டம் இது என்று. 805இல் கரோலிங்கியப் பேரரசர் சார்லமேன், சுதந்திரக் குடிமகன் எவனும் அரசன் அனுமதியின்றித் துறவு பூணக் கூடாது என்றார். காரணத்தை மறைக்கவில்லை. சிலர் பக்திக்காக அல்ல, படைக்குப் போகாமல் தப்பிக்கச் சேர்கிறார்களாம். இன்னும் சிலரை, அவர்கள் சொத்தின்மேல் கண்வைத்தவர்கள் ஏமாற்றிச் சேர்க்கிறார்களாம்.

இனி பிள்ளைகளைப் பற்றி. என்னைக் கேட்டால் இந்தத் தலைப்பின் நெஞ்சுப்பகுதி இதுதான்.

ஒழுங்குவிதியின் 58ஆம் அதிகாரம் வளர்ந்தவனை ஓராண்டு சோதிக்கிறது. அடுத்த அதிகாரமான 59, பெற்றோர் கொண்டுவரும் பிள்ளையைப் பற்றியது. இதில் சோதனை இல்லை, மூன்று வாசிப்பு இல்லை. பிள்ளை மிகச் சிறியவனாக இருந்தால் பெற்றோரே வாக்குறுதித் தாளை எழுதுகிறார்கள். திருப்பலிக் காணிக்கையோடு சேர்த்து, அந்தத் தாளையும் பிள்ளையின் கையையும் பீடத்துணியில் சுற்றிக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான், பிள்ளை கடவுளுக்குரியவன். அப்பமும் இரசமும் போல அவனும் ஒரு காணிக்கை. தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான சொல் இருக்கிறது: நேர்ந்துவிடுதல். விவிலியத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு, சாமுவேலைக் கோவிலில் கொண்டுபோய் விட்ட அன்னா. பின்னாளில் மனம் மாறி வெளியே வர ஆசை காட்டக் கூடாது என்பதற்காக, தாங்களோ வேறு யார் மூலமாகவோ பிள்ளைக்கு எதுவும் தரமாட்டோம் என்று பெற்றோர் சத்தியம் செய்ய வேண்டும். ஒன்றுமே இல்லாத ஏழைகள், சாட்சிகள் முன்னிலையில் தாளையும் பிள்ளையையும் கொடுத்தால் போதும்.

633இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் ஆயர்கள் கூடிய நான்காம் சங்கம் இதை ஒரே வரியில் சட்டமாக்கியது: ஒருவனைத் துறவியாக்குவது ஒன்று தந்தையின் பக்தி, இல்லை அவனது சொந்த வாக்கு. இரண்டும் ஒரே எடை. 656இல் பத்தாம் தொலேதோ சங்கம், பெற்றோர் பத்து வயது வரைதான் இப்படிக் கொடுக்கலாம், அதற்கு மேல் பிள்ளையின் விருப்பம் வேண்டும் என்று ஒரு கோடு கிழித்தது. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, ஆர்ல் நகர ஆயர் செசாரியுஸ் கன்னியர்களுக்கு எழுதிய விதியில், எழுத்துக் கற்கவும் கீழ்ப்படியவும் முடிகிற ஆறேழு வயதுக்கு முன் சேர்க்க வேண்டாம் என்றார்.

பெற்றோர் ஏன் கொடுத்தார்கள்? சொத்துப் பங்கிடாமல் இருக்க, தலைச்சுமை குறைய என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் பல குடும்பங்கள் பிள்ளையோடு நிலத்தையும் சேர்த்தே கொடுத்தன. தங்களுக்காகவும் இறந்த முன்னோருக்காகவும் வாழ்நாள் முழுவதும் செபிக்க வீட்டில் ஒருவன் வேண்டும் என்று உண்மையாகவே நம்பினார்கள். வேண்டாத பிள்ளையைத் தள்ளிவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வது அவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம். பிள்ளையைக் கேட்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. வட பிரான்சின் சாங் ரிக்கியே மடத்தில் 300 துறவிகளோடு 100 சிறுவர்களும் இருந்தார்கள் என்றால், இது ஏதோ அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்ததில்லை என்று தெரியும்.

இந்த வழியில் வந்தவர்தான் பீட். இங்கிலாந்தின் முதல் பெரிய வரலாற்றாசிரியர். ஏழு வயதில் உறவினர்கள் அவரை வேர்மவுத் மடத்தில் ஒப்படைத்தார்கள். 19இல் குருவுக்கு முந்தைய படியான திருத்தொண்டர், 30இல் குரு. 735இல் இறக்கும்வரை அந்த மடத்துக்குள்ளேயே, கற்பதும் கற்பிப்பதும் எழுதுவதுமே தனக்கு இன்பம் என்று தானே எழுதிவைத்த வாழ்க்கை. அவருக்கு அந்த மடம்தான் வீடு.

இன்னொரு பிள்ளைக்கு அப்படி அமையவில்லை. கோட்சால்க், ஒரு சாக்சனிய பிரபுவின் மகன். ஜெர்மனியின் ஃபுல்டா மடத்துக்குச் சிறுவயதிலேயே கொடுக்கப்பட்டான். வளர்ந்ததும், என்னைக் கட்டாயப்படுத்தித் துறவியாக்கினார்கள், விடுங்கள் என்றான். 829இல் மைன்ஸ் நகரில் கூடிய ஆயர்கள் அவன் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஃபுல்டாவின் தலைவர் ஹ்ரபானுஸ் மௌருஸ் விடவில்லை. சார்லமேனின் மகனான பேரரசர் லூயியிடம் முறையிட்டார், பிள்ளைகளைக் காணிக்கையாக்குவதை ஆதரித்துத் தனி நூலே எழுதினார். சாக்சனியன் ஒருவன் தன் சுதந்திரத்தை இழப்பதற்குச் சாக்சனியரே சாட்சியாக இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கெல்லாம் அதில் பதில் சொல்லியிருக்கிறார். ஹ்ரபானுசும் சிறுவயதில் அதே மடத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்தான். கோட்சால்க் கேட்டது கிடைத்தால், தன் வாழ்க்கையின் அடித்தளமும் அசையும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். கோட்சால்க் ஃபுல்டாவை விட்டுப் போனாலும் துறவியாகவே இருக்க நேர்ந்தது. பின்னாளில் இறைமுன்குறிப்பு (யாருக்கு மீட்பு என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பது) பற்றிய அவருடைய போதனைக்காக 848இலும் 849இலும் கண்டனம் செய்யப்பட்டு, சாட்டையடி பட்டு, ஓட்வில்லே மடத்தில் அடைபட்டே இறந்தார். சிறந்த கவிஞரும்கூட.

கோட்சால்க் வழக்குக்கு முன்பே, 817இல் ஆஹன் மாமன்றம் ஒரு சிறு வரியைச் சேர்த்திருந்தது: பெற்றோர் கொடுத்த வாக்கை, பிள்ளை விவரம் தெரியும் வயதில் தானே உறுதிசெய்ய வேண்டும். மறுத்தால் என்ன ஆகும் என்று அங்கே எழுதவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் சபையினர் சிறுபிள்ளைகளைச் சேர்க்கவே மாட்டோம் என்று முடிவெடுத்த பிறகுதான் அந்த வழக்கம் தேயத் தொடங்கியது.

அரசகுடும்பங்களில் கதை வேறு. இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பிராங்கு அரசர்களுக்கு நீண்ட முடிதான் அரச அடையாளம். அதை வெட்டினால் அரசுரிமை போச்சு. பிராங்கு அரசன் குளோவிசின் பேரப்பிள்ளைகள் மூவரை ஒழிக்க நினைத்த சித்தப்பன்மார், பாட்டி குளோதில்டாவிடம் ஒரு கத்தரிக்கோலையும் உருவிய வாளையும் அனுப்பினார்கள். முடியா, உயிரா? துக்கத்தில் அவர், அரசாளப் போவதில்லை என்றால் முடிவெட்டிப் பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்று சொல்லிவிட்டார். பத்து வயதும் ஏழு வயதுமான இருவர் கொல்லப்பட்டனர். தப்பிய மூன்றாமவன் குளோதோவால்டு தன் கையாலேயே முடியை வெட்டிக்கொண்டு இறைப்பணிக்குப் போனான். பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள சாங் குளூ என்ற ஊர் அவன் பெயர்தான். 751இல் குளோவிசின் வம்சமான மெரோவிங்கியரின் கடைசி அரசன் மூன்றாம் சில்தெரிக்கின் முடியும் இப்படித்தான் வெட்டப்பட்டது. 788இல் பவேரியப் பிரபு தசிலோவையும் சார்லமேன் மடத்துக்கே அனுப்பினார். ஸ்பெயினில் வாம்பா அரசன் 680இல் நோயுற்று நினைவிழந்து கிடந்தபோது பாவப்பரிகார உடையை உடுத்தி முடியை மழித்துவிட்டார்கள். பிழைத்து எழுந்தபோது அவன் அரசன் இல்லை. மறு ஆண்டே தொலேதோ சங்கம் அதைச் செல்லும் என்றது.

அதே உடையை ஒரு பெண் கேடயமாகப் பயன்படுத்தியதும் உண்டு. தூரிங்கிய இளவரசி ராதகுந்தா, போரில் பிடிபட்டு, முதலாம் குளோத்தார் அரசனுக்கு மனைவியாக்கப்பட்டவர். தன் தம்பியை அரசன் கொன்றதும் நோயோன் நகர ஆயர் மெதார்திடம் ஓடினார். அரசனுக்கு அஞ்சி ஆயர் தயங்கினார். ராதகுந்தா தானே துறவு உடையை அணிந்துகொண்டு வந்து பீடத்தருகே நின்று, மனிதருக்கு அஞ்சுகிறீரா, கடவுளுக்கு அஞ்சுகிறீரா என்ற பொருளில் கேட்டார். ஆயர் கைகளை வைத்து அர்ப்பணித்தார். பின்னர் புவாத்தியே நகரில் அவர் நிறுவிய மடத்தில் 587இல் காலமானார்.

குருத்துவத்துக்கு வருகிற பாதையில் இவ்வளவு நாடகம் இல்லை. ‘குருமடம்’ என்று நாம் இன்று சொல்கிற அமைப்பே அப்போது கிடையாது. பையன் ஒரு குருவோடு அல்லது ஆயர் வீட்டில் தங்கி, கூடவே இருந்து கற்றுக்கொண்டான். 527இல் தொலேதோவில் ஆயர்கள் வகுத்த முறை இது: பெற்றோர் கொடுத்த சிறுவர்களின் முடியை மழித்து, ஆயர் வீட்டில் வைத்துக் கற்பிக்க வேண்டும். 18 வயது நிறைந்ததும் குருக்களும் மக்களும் இருக்க, மணம் செய்துகொள்ள விருப்பமா என்று ஆயர் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் 20இல் துணைத்தொண்டர், 25இல் திருத்தொண்டர். வேண்டும் என்றால் தடையில்லை. துறவுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளைக்குக் கிடைக்காத அந்த ஒரு கேள்வி இங்கே கேட்கப்பட்டது. 529இல் தெற்குக் காலின் வேசோன் நகரில் கூடிய சங்கம், ஒவ்வொரு பங்குக் குருவும் வழிபாட்டில் மறைநூல் வாசிக்கும் இளம் வாசகர்களை வீட்டில் வைத்து திருப்பாடல்களைக் கற்பிக்கட்டும், அப்போதுதான் அடுத்த தலைமுறைக்குக் குரு கிடைப்பார் என்றது.

படிகள் ஏழு: வாயில்காப்பவர், வாசகர், பேயோட்டுபவர், பீடத்துணைவர், துணைத்தொண்டர், திருத்தொண்டர், குரு. குருவாக 30 வயது. இயேசு பணி தொடங்கிய வயது. மணமானவர்களும் பட்டம் பெற்றார்கள், அதன் பிறகு மனைவியோடு சகோதரர்போல வாழ வேண்டும் என்று சங்கங்கள் மீண்டும் மீண்டும் சொல்லின. நடைமுறையில் குருவின் மகன் குருவாவது சாதாரணம். நிலப்பிரபுக்கள் தங்கள் அடிமைகளில் ஒருவனைப் பட்டத்துக்கு அனுப்பி, வீட்டுக் குருவாக வைத்துக்கொள்வதை லியோன் ஆயர் அகோபார்து மனம் நொந்து எழுதியிருக்கிறார். அதனால்தான் அடிமைக்குப் பட்டம் தருமுன் விடுதலை தர வேண்டும் என்று பேரரசர் லூயி ஆணையிட்டார். கல்வியும் சில இடங்களில் மிக மெலிந்திருந்தது. பவேரியாவில் ஒரு குரு இலத்தீன் தெரியாமல் ‘தந்தை, மகன்’ என்ற சொற்களின் உருபுகளைத் தவறாகச் சொல்லித் திருமுழுக்குக் கொடுத்தார். அது செல்லுமா என்ற கேள்வி உரோமைவரை போனது. அறியாமையால் வந்த பிழைதான், செல்லும் என்று திருத்தந்தை சக்கரியா 746இல் எழுதினார்.

கடைசியாக ஒருவர். காலத்தால் சற்றுப் பிந்தியவர் என்றாலும், இரண்டு பாதைகளும் அவர் வாழ்வில் சேர்கின்றன. ஓர்தெரிக், 1075இல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஓர் குரு, தாய் ஆங்கிலப் பெண். ஐந்து வயதில் ஷ்ரூஸ்பரியில் ஒரு குருவிடம் எழுத்துப் படிக்கப் போனார். பத்து வயதில், 1085இல், தந்தை அவரை 30 மார்க் வெள்ளியோடு நார்மண்டியின் சாங் எவ்ரூல் மடத்துக்கு அனுப்பிவைத்தார். கடலைக் கடந்து போனபோது, எகிப்துக்குப் போன யோசேப்பைப்போலத் தனக்குத் தெரியாத மொழியைக் கேட்டாராம். ஆங்கிலப் பெயர் அவர்கள் காதுக்குக் கரடுமுரடாக இருந்ததால் வித்தாலிஸ் என்று புதுப்பெயர் வைத்தார்கள். 16 வயதில் துணைத்தொண்டர், 18இல் திருத்தொண்டர், 1107இல் குரு. அறுபது வயதைக் கடந்தபின் தன் பெரிய வரலாற்று நூலை முடிக்கும்போது, அந்தப் பயணத்தைக் கடவுளிடம் பேசுவதுபோல எழுதுகிறார்: அழுதுகொண்டே அப்பா அழுதுகொண்டிருந்த என்னைக் கொடுத்தார், நீ துறவியானால் மாசில்லாக் குழந்தைகளோடு விண்ணகத்தில் இருப்பாய் என்று வாக்களித்தார், அதன்பின் அவர் என்னைப் பார்க்கவே இல்லை.